தவளைக் கால் பட்டறைக்கு வரச் சொன்ன மகளுக்கு

அபி,

அந்தமானுக்குப் போவது முடிவானதும் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அங்க கடைய நான் பாத்துக்கறேன். நீ ஸ்கூல விட்டுட்டு இங்க பட்டறைய பாத்துக்கறியாம்மா?" என்று, இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே கேட்டாய். நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். அடுப்பு எரியவே இல்லை என்பது அணைத்த பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு நீ திரும்பக் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. உன் அப்பாதான் சாப்பிடும்போதெல்லாம் நம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல நான் எந்தக் கட்சின்னு யாராச்சும் சொன்னா தேவல" என்கிறார்.

நேரில் சொல்ல எனக்கு வராது. நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடித்துவைப்பது நீயாகத்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்ததுமே ஒரு சிவப்பு இதயம் அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். என்னைப் பற்றி நீ பேசிய காணொளியை ஊரே பார்த்தது. என் பதிலையும் ஊர் பார்க்கட்டும். வீட்டில் கூப்பிடுகிற பெயரைத்தான் உனக்குப் போட்டிருக்கிறேன். என் பெயரைப் போடவில்லை. அந்த அளவுக்குத் தைரியம் இன்னும் வரவில்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மேல் பொறாமை. அம்மாக்களுக்கு இப்படி வராது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். வருகிறது. நீ ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு, "லேட்டாகும், எனக்காகக் காத்திருக்காத" என்று சொல்லிவிட்டுப் போகும்போது வருகிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரரிடம் போனில் ஆங்கிலம் பேசி, இலக்கணம் தப்பினாலும் கவலைப்படாமல் சிரிக்கும்போது வருகிறது. உன் விரல் நகத்துக்குள் ரப்பர் கறுப்பு ஏறியிருப்பதைப் பார்க்கும்போதுகூட வருகிறது. அது பெருமைதான் என்று எனக்கு நானே வெகுநாள் சொல்லிக்கொண்டேன். பெருமை என்றால் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லியிருப்பேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். உன் தாத்தா குத்தகைக்கு நிலம் எடுத்துக் குறுவை, தாளடி என்று இரண்டு போகம் நெல் செய்தவர். கும்பகோணத்தில் இயற்பியல் படித்தேன். மூன்று வருடத்தில் வகுப்பில் ஒரு கேள்விகூட நான் கேட்டதில்லை. பதில் தெரிந்திருக்கும், உதடு வரைக்கும் வந்திருக்கும். பக்கத்தில் இருப்பவள் எழுந்து அதையே சொல்லிவிடுவாள். எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் வாங்கி வந்த வாரம் உன் அப்பா வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "படிக்கணுமா?" என்று கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இருபத்தொரு வயதில் நீ பிறந்தாய். இப்போது எனக்கு நாற்பத்து மூன்று. கடைத்தெருவில் நம்மை அக்கா தங்கை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்போது நீ சிரிப்பாய். நான் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். அக்காவாக இருந்திருந்தால் என் பொறாமையை எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நம் ஊர்ப் புது ஆற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்ததும் உன் அப்பா உன்னை வாழைத்தண்டைப் பிடிக்க வைத்து நீந்தக் கற்றுக்கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். நானும் சிறு பெண்ணாக இருந்தபோது வாய்க்காலில் குதித்தவள்தான். பெரியவளான பிறகு யாரும் கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் யாரும் கூப்பிடவும் இல்லை. உனக்கு மட்டும் எந்த வருடமும் அது நிற்கவில்லை. பத்தாவது படிக்கும்போதும் பாவாடையை மாற்றிக் கால்சட்டை போட்டுக்கொண்டு பாலத்திலிருந்து குதித்தாய். பக்கத்து வீட்டு சரசு அத்தை, உன் அப்பாவின் அக்கா, கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இவள யாருடி கட்டிக்கப் போறான், ஏதாச்சும் கெண்ட மீனுதான் வரணும்" என்றார். நான் உன் பக்கம் நின்றுதான் பேசினேன். ஆனால் பேசும்போது எனக்குள் ஓடியது வேறு. எனக்காக இப்படி ஒருத்தி பேசியிருக்கலாமே என்பதுதான்.

பிறகு நீ இயந்திரப் பொறியியல் படித்தாய். கடைசி வருடம் உன் தோழியோடு மல்லிப்பட்டினம் கடற்கரைக்குப் போனாய். அவள் கடலடியில் வளரும் கடற்புல்லைக் கணக்கெடுக்கும் குழுவில் இருந்தாள். நம் கரையில் கடல் ஆழமே கிடையாது. முழங்கால் தண்ணீரில் சேற்றுக்குள் வெகுதூரம் நடந்தால்தான் மூழ்குகிற அளவுக்கு ஆழம் வரும். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, காலில் மாட்ட வேண்டிய நீளத் துடுப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதைய அவர்கள் நடந்ததைப் பார்த்துவிட்டு நீ வீட்டுக்கு வந்தாய். ஃபின் என்கிற அந்தத் துடுப்பை மாட்டிக்கொண்டு நடக்க முடியாது, பின்பக்கமாகத்தான் நடக்கணும், இல்லாவிட்டால் குப்புற விழணும் என்று சொல்லிக் கூடத்தில் நடந்து காட்டினாய். "கணுக்கால்ட்ட ஒரு மடக்கு வெச்சா? நடக்கும்போது துடுப்பு மேல மடங்கி முழங்காலப் பாத்து நிக்கணும். தண்ணிக்குள்ள போனதும் ஒரு ஒதை, டக்குனு நீளணும்." இதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகம் எனக்கு எப்போதாவது இருந்திருக்குமா என்று யோசித்தேன். அன்று இரவு உனக்குத் தோசை வார்க்கும்போது ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை.

அத்தைதான் அதற்குத் தவளைக் கால் என்று பெயர் வைத்தார். "ஏண்டி அபி, வாய்க்கால்ல கெடக்குற தவளைக்கு எவன்டி ட்ரெயினிங் குடுத்தான்? அதுபாட்டுக்கு நீந்துது. இதுக்குப் போயி நாலு வருசம் காலேஜா?" என்றார். நீ கோபப்படவில்லை. பட்டுக்கோட்டை சாலையில் மூடிக் கிடந்த கயிற்று ஆலைக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, ரப்பர் வேக வைக்கும் பழைய பிரஸ் ஒன்றை வாங்கிப் போட்டு, பம்புசெட் வாஷர் செய்துகொண்டிருந்த முருகையனைக் கூட்டி வந்து, திறப்புப் பூஜையில் முதல் பிரசாதமாக அத்தை கையில்தான் சுண்டல் கொடுத்தாய். "தவளைக் கால் பட்டறை நல்லா நடக்கட்டும்டி" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். எனக்கு அந்தப் பெயர் மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். நீ அதையே அட்டைப் பெட்டியில் அச்சடித்துவிட்டாய்.

மடக்கு வேலை செய்தது. சேறுதான் வேலை செய்யவில்லை. துடுப்பு மேலே மடங்கியிருந்தாலும் உள்ளங்காலில் இருக்கும் ரப்பர் அகலமாகத் தட்டையாக இருந்ததால் சேறு அதைப் பிடித்து இழுத்தது. ஒவ்வோர் அடியையும் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. நீயும் முருகையனும் ரப்பரின் கனத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் காரணம் தெரிந்தது. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு நடவுக்குப் போயிருக்கிறேன். சேற்றில் காலை நேராகத் தூக்கினால் வராது, குதிகாலைச் சாய்த்து ஓரத்தில் தண்ணீர் புக விட்டால் வரும். அப்போது அது வெறும் பழக்கம். ஏன் அப்படி என்பது கல்லூரியில்தான் புரிந்தது. தட்டையான பரப்பைத் தூக்கும்போது அடியில் இடம் உண்டாகிறது, அதை நிரப்பத் தண்ணீரோ காற்றோ போக வழி இல்லை, அடியில் அழுத்தம் குறைகிறது, மேலே இருக்கும் அழுத்தம் காலை அப்படியே அமுக்குகிறது. அவ்வளவுதான். உன்னிடம் வாயால் சொல்லியிருக்கலாம். வெறும் வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் பள்ளி ஆய்வகத்திலிருந்து ஸ்பிரிங் தராசைக் கேட்டு வாங்கி வந்தேன். தகரத் தகடுகளை உள்ளங்கால் அளவுக்கு வெட்டி, ஒன்றை அப்படியே விட்டு, ஒன்றில் துளை போட்டு, ஒன்றில் ஓரத்திலிருந்து நடுவுக்கு வாய்க்கால் மாதிரிப் பள்ளம் தட்டி, ஒன்றில் இரண்டையும் சேர்த்து, நம் வயல் சேற்றில் அமுக்கித் தராசால் இழுத்துப் பார்த்தேன். வரப்பில் போனவர்கள், "டீச்சரம்மா, சேத்த எட போடுறீங்களா? கிலோ என்ன வெல?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் விடவில்லை. துளையும் பள்ளமும் சேர்ந்திருந்த தகடு மட்டும் கைக்குச் சுலபமாக வந்தது. வினாத்தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு உன்னிடம் நீட்டினேன். நீ பார்த்தாய். "அம்மா!" என்று கத்தினாய். என்னைத் தூக்கிச் சுற்றினாய். முருகையன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் இருந்த இடங்களிலேயே நல்ல இடம் அந்தக் கொட்டகைதான், அந்த நிமிடம்தான்.

அதனால்தான் அந்தக் காணொளி அப்படி உறைத்தது. ஆசிரியர் அறையில் தமிழ் டீச்சர் போனை என் முன்னால் நீட்டி, "இது உங்க பொண்ணுதான?" என்றார். நீ கடற்கரையில் நின்றுகொண்டு ஃபின்னைத் திருப்பி உள்ளங்கால் பள்ளங்களைக் காட்டினாய். "இந்த டிசைன் எந்த லேபுலயும் பொறக்கல. சேத்துல பொறந்துச்சு. நடவு நட்ட எங்கம்மா கால்ல பொறந்துச்சு. சேறு எங்க புடிக்கும், எங்க விடும்னு அந்தக் காலுக்குத் தெரியும்." பின்னால் நாதஸ்வரம் வேறு. ஆசிரியர் அறையில் எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். "நீங்க நடவெல்லாம் நடுவீங்களா டீச்சர்? சொல்லவே இல்லயே!" என்றார் கணக்கு டீச்சர். மதியம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், "மிஸ், வீடியோவப் பாத்தா உங்களப் பாட்டி மாதிரி நெனச்சுக்குவாங்க மிஸ்" என்றாள். சிரித்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். அன்றைய பாடம் அழுத்தம். எழுத வேண்டிய சூத்திரத்தை ஒரு தடவை தப்பாக எழுதினேன்.

மாலையில் நேராகக் கொட்டகைக்கு வந்தேன். வழியெல்லாம் பேச வேண்டியதைக் கோத்துக்கொண்டு வந்தேன். உன்னைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஸ்பிரிங் தராசு?"

"என்ன ஸ்பிரிங் தராசு?" என்றாய்.

"வீடியோல அது இல்ல."

"அய்யோ அம்மா! ஸ்பிரிங் தராசுன்னு சொன்னா தள்ளிவிட்டுட்டுப் போயிருவாங்க. சேறுன்னா நின்னு பாக்குறாங்க. அது வியாபாரம்மா."

"நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ்."

"தெரியும்மா. அத யாரு வாங்குவா?"

நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன் கவனம் பாதி பிரஸ்ஸில் இருந்தது, சூடு ஏறிக்கொண்டிருந்தது. சொன்னது பொய்யும் இல்லை. நான் நடவு நட்டவள்தான், அதில் எனக்கு வெட்கமே கிடையாது. நீ பாதியைச் சொன்னாய், விற்கிற பாதியை. மீதிப் பாதிக்குத்தான் நான் கும்பகோணத்துக்கு நின்றுகொண்டே பேருந்தில் போய்வந்தேன். என்னிடம் இருப்பதிலேயே நானாகச் சம்பாதித்தது அது ஒன்றுதான். உன் வாயில் அது ஒரு வரிக்குக்கூடத் தேறவில்லை என்பதைவிட, நீ சொன்ன கணக்கு சரியாகவே இருந்தது என்பதுதான் என்னைக் கொன்றது. அந்தக் காணொளிக்குப் பிறகு புதுச்சேரியிலிருந்தும் கோவாவிலிருந்தும் கேட்டு வந்தார்கள். விற்கத் தெரிந்திருக்கிறதே உனக்கு என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

விற்கப் போகிற உனக்கு ஒன்று சொல்கிறேன், அபி. ஒரு பொருளுக்குக் கதை வேண்டும்தான். ஆனால் அந்தக் கதையில் உயிரோடு இருக்கும் ஒருத்தியை வைத்தால், அவளிடம் ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டு வை. முருகையனை வைத்தாலும் அப்படித்தான். அவர் உன் காணொளியில் சட்டையில்லாமல் பிரஸ் இழுப்பது அவருடைய மகளுக்குப் பிடிக்கவில்லை. உன்னிடம் சொல்லத் தயங்கி என்னிடம் சொன்னார்.

முதல் முழுச் சரக்கு திரும்பி வந்த நாளைப் பற்றியும் எழுத வேண்டும். கால் நுழையும் ரப்பர் கூட்டுக்கு அளவு எடுக்க நீ நம் தெருவையே செய்தித்தாள் மேல் நிற்க வைத்துப் பென்சிலால் வரைந்தாய். அப்பா, நான், அத்தை, அறுவடைக்கு வந்தவர்கள், முருகையன். எல்லோரும் வெறுங்காலோடு வயலில் நடந்தவர்கள். விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். அந்த அளவுக்குக் கோயம்புத்தூரில் இரும்பு அச்சு அடித்து வந்தது. வாங்கினவர்களோ சின்ன வயதிலிருந்தே ஷூ போட்டு வளர்ந்தவர்கள், முன்பாதம் குறுகல். கடலுக்குள் உதைத்ததும் ஃபின் கழன்று போயிருக்கிறது. ஒருவருடையது அடியில் போயே போய்விட்டது. பெட்டி பெட்டியாகக் கொட்டகைக்குத் திரும்பி வந்தது. ஊரில் உள்ள காலெல்லாம் நம் கால் மாதிரிதான் இருக்கும் என்று நினைக்க நம்மால்தான் முடியும்.

அந்தப் பெட்டிகளைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ லேசானது. அதை நான் அழகாக்கிச் சொல்லப் போவதில்லை. இவளுக்கும் தப்பு வருகிறது என்று இருந்தது. உன் தோளைப் பிடித்து ஆறுதல் சொல்ல ஓடி வந்தேன், கொஞ்சம் வேகமாகவே. ஆனால் நீ அழவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்து உன் பாதத்தையே உற்றுப் பார்த்தாய். பிறகு சிரிக்கத் தொடங்கினாய். "அம்மா, நாம வாத்துக்குல்ல அளவெடுத்துருக்கோம்!" முருகையன் சிரித்தார், உன் அப்பா சிரித்தார், அத்தை தன் காலை நீட்டிப் பார்த்து, "வாத்து உங்க பரம்பரடி, நான் கட்டிக் குடுத்தவ" என்றார். மறுநாளே ஷூ போடும் கால்களை அளக்கச் சென்னைக்கு வண்டி ஏறிவிட்டாய். அன்றுதான் என் பொறாமை முழு அளவுக்கு வளர்ந்தது. நீ ஜெயித்ததில் வந்ததைவிட, தோற்றுவிட்டு இப்படிச் சிரித்ததில் வந்தது அதிகம். எனக்கெல்லாம் ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்திருந்தால் அதோடு படிப்பு முடிந்திருக்கும். அந்தப் பயத்தில்தான் மூன்று வருடமும் எழுதினேன். தோற்க இடம் இருந்திருந்தால் நானும் வகுப்பில் கையைத் தூக்கியிருப்பேனோ என்னவோ. உனக்கு அந்த இடத்தைக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. கொடுத்தவளே கொடுத்ததைப் பார்த்து ஏங்குவது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

புது அச்சு வந்தது. குறுகல் அளவு சரியாக உட்கார்ந்தது. கடைகள் கேட்டன, அந்தமானில் ஒரு டைவிங் பள்ளி பக்கத்திலேயே கடை போட இடம் தருவதாகச் சொல்லிவிட்டது. பழைய அகல அச்சை அச்சுக்காரரையே பழைய இரும்புக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீ உன் துணிமணிகளை எடுத்துவைக்கத் தொடங்கினாய். இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் எழுதப்போவது தெரியாது.

காலாண்டு விடுமுறையில் திருவிடைமருதூரில் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். போகவில்லை. திரும்பி வந்த அகல ஃபின்களில் சில ஜோடிகளைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு பாம்பன் போனேன். அங்கே பெண்கள் கடலுக்குள் மூழ்கிப் பாறையில் வளரும் கடல்பாசியைப் பறித்து வருகிறார்கள் என்று படித்திருந்தேன். செருப்போடு தகரத் தகட்டைச் சேர்த்துக் கட்டி அதைத்தான் துடுப்பாக உதைக்கிறார்கள் என்றும் படித்திருந்தேன். படித்த நாளிலிருந்தே அவர்கள் கால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிலிண்டர் கிடையாது, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். நான் மணலில் சாக்கோடு நின்றேன். அவர்கள் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

என் வயதிருக்கும் ஒரு பெண்தான் முதலில் கேட்டாள். "யாருக்கா நீ? சாக்குல என்ன, கருவாடா?"

"இல்ல, கால்ல போடுறது."

"தெறந்து காட்டு. எங்கள என்ன திங்கவா போற?"

எடுத்துக் காட்டினேன். சுற்றி ஒரே சிரிப்பு. "ஏட்டி, இது சினிமால வர்றதுல்ல!" என்றாள் ஒருத்தி. கேட்டவள் உட்கார்ந்து தகடுகளை அவிழ்த்தாள். கணுக்காலில் கயிறு அறுத்த தழும்பு வளையம் போலிருந்தது. ஃபின்னுக்குள் காலை விட்டாள். விரல்கள் உள்ளே விரிந்து உட்கார்ந்தன. நான் வேறு எதையும் பார்க்கவில்லை, அதை மட்டும் பார்த்தேன். தண்ணீருக்குள் போனாள், மறைந்தாள், வெகுநேரம் கழித்துத் தூரத்தில் தலை தெரிந்தது. எனக்கு அவள் மேலும் பொறாமை வந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய். திரும்பி வந்து, "கழலல. அறுக்கவும் இல்ல" என்றாள். "ஆனா இந்த மடக்கு எங்களுக்கு எதுக்கு? மண்ணு சிக்குது. அத எடுத்துட்டுக் குட்டையாப் போட்டுக் குடு. வெல என்ன?"

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"யாருட்ட கேக்கணும்? நீதான கொண்டாந்த?"

என் மகளிடம் கேட்க வேண்டும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதைவிட, நாற்பத்து மூன்று வயது வரைக்கும் எதையாவது நான்தான் கொண்டுவந்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லையே என்பது அங்கே நின்றுகொண்டிருக்கும்போது தெரிந்தது. திரும்பி வரும் வழியில் பேருந்தில் காகிதம் இல்லை, பயணச்சீட்டின் பின்னால் படம் போட்டேன். மடக்கு இல்லாமல், குட்டைத் துடுப்பு, அதே அகலக் கூடு. பாறையில் உரசுகிற ஓரத்துக்குக் கனமான ரப்பர். வீட்டுக்கு வந்ததும் கோயம்புத்தூர் அச்சுக்காரருக்குப் போன் செய்து, அந்த அகல அச்சை இரும்புக்கு எடுக்க ஆள் அனுப்ப வேண்டாம் என்றேன். "மேடம், நீங்க யாரு பேசறது?" என்றார். "பட்டறையிலேர்ந்து" என்றேன். "ஓனரா?" என்றார். நான் "ஆமா" என்றேன். சொல்லிவிட்டு உடனே போனை வைத்துவிட்டேன். அவர் உன்னிடம் சொல்லியிருந்தால், அது நான்தான்.

இப்போது என் பதில். பட்டறையைப் பார்த்துக்கொள்ள நான் வர மாட்டேன். இத்தனை வருடமாக வீடு, மாடு, உன் தாத்தாவின் படுக்கை, உன் காய்ச்சல் என்று பார்த்துக்கொண்டது போதும். கணக்கையும் சரக்கையும் முருகையனே பார்த்துக்கொள்வார், அவருக்கு அதில் உன்னைவிடப் பொறுமை அதிகம். நான் வருவது அகல அச்சுக்காக. மடக்கு ஃபின் உன்னுடையது, குட்டை ஃபின் என்னுடையது. அதன் அளவையும் ரப்பரையும் விலையையும் நான் முடிவு செய்வேன். தப்பாக முடிவு செய்தால் சரக்கு என் தலையில் திரும்பி வரட்டும், நானும் ஒரு தடவை பெட்டி மேல் உட்கார்ந்து பார்க்கிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளியை விட்டு நிற்கிறேன் என்று தலைமை ஆசிரியரிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். "ஏன் டீச்சர், பொண்ணு கூப்பிடுதா?" என்றார். "இல்ல மேடம், எனக்கு வேல இருக்கு" என்றேன்.

உன்னிடம் இன்னும் ஒன்று கேட்கிறேன், இது நிபந்தனைதான். உன் காணொளியை எடுத்துவிட வேண்டாம். சேறு இருக்கட்டும், கால் இருக்கட்டும், நாதஸ்வரத்தைக்கூட வைத்துக்கொள். அதோடு அம்மா இயற்பியல் படித்தவள் என்று ஒரு வரி சேர். அந்த வரியால் நாலு பேர் தள்ளிவிட்டுப் போனால் போகட்டும்.

நான் உன் மேல் பொறாமைப்படுவது இதோடு நிற்குமா என்று தெரியவில்லை. நீ அந்தமானில் கண்ணாடி மாதிரித் தண்ணீருக்குள் நின்று படம் அனுப்புவாய், எனக்கு மறுபடி பொறாமை வரும். அதை அன்பு என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டு உன்னைச் சீக்கிரம் வா, உடம்பைப் பார்த்துக்கொள், அங்கே எதற்கு இவ்வளவு நாள் என்று இழுத்துப் பிடிக்க மாட்டேன். பொறாமையாக இருந்தால் பொறாமையாக இருக்கிறது என்றே சொல்லி அனுப்புகிறேன். நீயும் அப்படியே இரு.

ஞாயிற்றுக்கிழமை உன்னைச் சென்னை ரயிலில் ஏற்ற அப்பா வருவார். பெட்டியில் ஊறுகாய் வைத்திருக்கிறேன், அத்தை உனக்கென்று வறுத்த மோர் மிளகாயும் இருக்கிறது. நான் வர முடியாது. அன்றைக்குப் பாம்பனில் கால் அளவு எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். விடிகாலை முதல் பேருந்துக்கே கிளம்பிவிடுவேன், நீ எழுந்திருக்கும்போது வீட்டில் இருக்க மாட்டேன். அம்மா வழியனுப்பாமல் கிளம்புவது உனக்கு முதல் தடவை. அந்தப் பெண்கள் மேல் உனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தாலும் வரும். வந்தால் மறைக்காமல் போன் செய். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அம்மா